சுற்றிவரும் பாதை: தமிழ்நாட்டுப் பூங்காக்களில் நடைபாதையின் வரலாறு

பூங்கா நடைபாதை என்பது பூங்காவுக்குள் மக்கள் கால்நடையாகச் செல்வதற்கென அமைக்கப்படும் வழி. பூங்காவைச் சுற்றிப் பார்ப்பதற்காக அமைந்த வழி, நடப்பதற்காகவே அமைந்த வழி என இதில் இரு வகை உண்டு. தமிழ்நாட்டின் பொதுப் பூங்காக்கள் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் முதல் வகையோடு தொடங்கின. இரண்டாம் வகைக்கு வந்து சேர நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஆனால் நடக்கத் தூண்டும் பாதையை அமைக்கும் கலை இந்த மண்ணுக்குப் புதிதன்று. கோயில் திருச்சுற்றும், குளக்கரையும், தேரோடும் வீதியும், மரம் வைத்த பெருவழியும் அந்தக் கலையின் பழைய வடிவங்களே. பூங்கா அவற்றைக் காலம் தாழ்த்தியே கற்றுக்கொண்டது. சென்னை, கோயம்புத்தூர் போன்ற மாநகரங்களில் நடந்த இந்த மாற்றம், அரியலூர் மாவட்டத்து உடையார்பாளையம் போன்ற சிற்றூர்களுக்கு இப்போதுதான் கேள்வியாக வந்து நிற்கிறது.

பூங்காவுக்கு முந்தைய நடை

பழைய பெருவழிகளில் நடந்தவர்கள் உடல்நலத்துக்காக நடக்கவில்லை. சந்தைக்கும் உறவினர் ஊருக்கும் கோயிலுக்கும் போனார்கள். அவர்களை நடக்க வைத்தது தேவை; தொடர்ந்து நடக்க முடிந்ததற்குக் காரணம் பாதையின் அமைப்பு. மதுரையை 1689 முதல் 1706 வரை ஆண்ட இராணி மங்கம்மாள் சாலைகளையும் சத்திரங்களையும் அமைத்தவராக இன்றும் நினைக்கப்படுகிறார். மங்கம்மாள் சாலை என்ற பெயர் தென்மாவட்டங்களில் இன்னும் வழங்குகிறது. வழியோர மரம் நிழல் தந்தது. கோடையில் தண்ணீர்ப்பந்தல் வைத்தார்கள்.

இவற்றோடு சுமைதாங்கியையும் சொல்ல வேண்டும். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் குறுக்காக வைத்த எளிய அமைப்பு அது. தலைச்சுமையோடு வருபவர் குனியாமலும் பிறர் உதவி இல்லாமலும் சுமையை இறக்கி வைக்கும் உயரத்தில் மேற்கல் இருக்கும். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அவற்றை நடுவது வழக்கம். இன்றைய பூங்கா இருக்கைகளில் பல, பாதைக்கு அப்பால் புல்வெளியின் நடுவே, நிழல் இல்லாத இடத்தில் கிடக்கின்றன. எந்த உயரத்தில், எவ்வளவு தொலைவுக்கு ஒன்றாக, யாருக்காக என்ற கேள்விகளைச் சுமைதாங்கியை நட்டவர்கள் கேட்டிருந்தார்கள் என்பது அந்தக் கற்களைப் பார்த்தாலே தெரியும்.

மற்றொரு மரபு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் நடை. கோயிலை வலம்வருதல் இதன் அடிப்படை. இராமேசுவரம் கோயில் பிராகாரங்களின் மொத்த நீளம் ஏறத்தாழ 3,850 அடி. அங்கே வெயில் மழை எதுவும் நடப்பவரைத் தொடுவதில்லை. மதுரையில் ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என ஒன்றை ஒன்று சூழ்ந்த சுற்றுகளாகவே ஊர் அமைந்திருக்கிறது. திருவண்ணாமலையில் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். முழுநிலவு இரவில் அதை நடந்து முடிப்பவர்களில் பலர், மற்ற நாள்களில் தெருமுனைக் கடைக்கே வண்டியில் போகிறவர்கள். சுற்றுப்பாதையில் வழி தவறாது, முடிவு எங்கே என்று தெரியும், பாதியில் திரும்புவதும் முடிப்பதும் ஏறக்குறைய ஒரே தொலைவு என்ற நிலை வந்தபின் முடிப்பதே எளிதாகிவிடும். கூட நடப்பவர்கள் இருப்பது தனித் துணிவு தரும்.

மக்கள் பூங்காவும் மெரினாவும்

சென்னையின் முதல் பெரிய பொதுப் பூங்கா, ஆளுநர் சார்லசு டிரெவெல்யன் 1859இல் தொடங்கிவைத்த மக்கள் பூங்கா. இன்றைய சென்ட்ரல் நிலையத்தை ஒட்டி நூறு ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் குளங்கள், இசைக்குழு மேடை, வண்டிப்பாதைகள் என அது அமைந்தது. விலங்குக் காட்சிசாலையும் அங்கே வந்தது. அக்காலப் பொதுப் பூங்கா என்ற எண்ணமே இங்கிலாந்திலிருந்து வந்தது. சோசப் பாக்சுடன் வடிவமைத்து 1847இல் திறக்கப்பட்ட பிர்க்கன்கெட் பூங்காவைப் பார்த்த அமெரிக்கர் பிரெடரிக் லா ஓம்சுடெட், பின்னர் கால்வர்ட் வாக்சுடன் சேர்ந்து நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவுக்கு 1858இல் திட்டம் வரைந்தார். அந்தத் திட்டத்தின் சிறப்பு ஒன்று வரலாற்றில் நிலைத்தது: நடப்பவருக்கு ஒரு பாதை, குதிரைக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று. இவை சந்திக்கும் இடங்களில் சிறு பாலங்கள் கட்டி ஒன்றின் கீழ் மற்றொன்று போகும்படி செய்தார்கள். நகரின் குறுக்குச் சாலைகள் நான்கும் பள்ளத்தில் இறக்கப்பட்டன. பூங்காவில் நடப்பவர் வண்டியைப் பார்க்கவே தேவை இல்லை.

சென்னைக்கு வந்து சேர்ந்தது இந்தப் பிரிவினை அன்று, வண்டிப்பாதையும் இசைமேடையும்தான். மாலையில் வண்டியில் வந்து காற்று வாங்கி, நாலு பேரைப் பார்த்து, நாலு பேர் கண்ணில் பட்டுப் போவதற்கான இடமாகப் பூங்கா இருந்தது. பின்னர் அந்த நிலமும் கரைந்தது. விக்டோரியா பொதுக்கூடம், மூர் மார்க்கெட், 1913இல் ரிப்பன் கட்டடம், நேரு விளையாட்டரங்கம் என ஒவ்வொன்றாக எழுந்தன. காட்சிசாலை 1985இல் வண்டலூருக்குப் போயிற்று.

மெரினாவின் கதை சற்று வேறு. ஆளுநர் கிராண்ட் டப் 1884இல் கடற்கரையை ஒட்டி உலாவழி ஒன்றை அமைத்து அதற்கு மெரினா என்ற இத்தாலியப் பெயரைச் சூட்டினார். அதுவும் உலாவுக்கான வழிதான். ஆனால் கடற்காற்று, தடையற்ற நீளம், திறந்த பார்வை ஆகியவை இருந்ததால் நடைப்பயிற்சியாளர்கள் அதை எளிதாகத் தமதாக்கிக்கொண்டார்கள். விடியற்காலையில் அங்கே நடப்பவர்களுக்கு எந்தப் பலகையும் வழி சொல்ல வேண்டியதில்லை.

ஏரியை மூடிப் பூங்கா

1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தபின் பூங்கா, குடியிருப்புத் திட்டத்தின் ஒரு பகுதியாயிற்று. 1920களில் மாம்பலம் ஏரியின் படுகையில் தியாகராய நகர் எழுந்தது. நீதிக்கட்சியின் முதலமைச்சராக இருந்த பனகல் அரசரின் பெயரில் அதன் நடுவே பூங்கா அமைக்கப்பட்டுச் சாலைகள் அங்கிருந்து பிரிந்து சென்றன. மயிலாப்பூர் லஸ் பகுதியில் குட்டை ஒன்று இருந்த இடத்தில், அமிர்தாஞ்சன் நிறுவனர் காசிநாதுனி நாகேசுவர ராவ் பெயரில் பூங்கா உருவானது. நீர்நிலையின் கரையில் ஏற்கெனவே இருந்த நடையை அழித்துவிட்டு, அதே இடத்தில் வேலிக்குள் புதிதாக ஒரு நடையை அமைத்தார்கள் என்பது இந்த வரலாற்றின் முரண். ஏரி போனதன் விலையை நகரம் ஒவ்வொரு பெருமழையிலும் இன்றும் கொடுத்து வருகிறது. அது தனிக் கதை.

அக்காலப் பூங்காக்களின் பாதை பெரும்பாலும் குறுக்காகவோ, நடுவிலிருந்து விரியும் ஆரங்களாகவோ இருந்தது. நடுவில் செயற்கை நீரூற்றோ சிலையோ வானொலி மண்டபமோ. காகிதத்தில் மேலிருந்து பார்க்க அழகு. நடப்பவருக்கு அது ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். பூங்காவின் ஒரு வாயிலில் நுழைந்து மறு வாயிலில் வெளியேறுபவருக்கு மட்டுமே குறுக்குப்பாதை உதவும்.

மக்களின் கால்கள் இதற்குப் பதில் சொல்லும் முறையைத் தமிழ் நெடுங்காலமாக ஒற்றையடிப் பாதை என்று அழைக்கிறது. புல்வெளியின் மூலையை வெட்டிச் செல்லும் தேய்ந்த தடம், வேலியில் விழுந்த இடைவெளி, செடிவரிசைக்கு உட்புறமாக ஓரத்தில் உருவான மண்வழி. பொறியாளர் போட்ட பாதைக்கும் கால்கள் விரும்பிய பாதைக்கும் உள்ள வேறுபாட்டை அது தரையிலேயே வரைந்து காட்டுகிறது. பல ஊர்ப் பூங்காக்களில் இதற்குக் கண்ட தீர்வு, முள்கம்பி கட்டுவது. அந்தத் தடத்தின் மேலேயே பாதையைப் போட்டுவிடுவது செலவு குறைந்த வழி.

சுற்றுப்பாதை

சென்னை அண்ணா நகரில் 1968 பன்னாட்டு வணிகக் கண்காட்சிக்காக எழுந்த கோபுரப் பூங்கா, காட்சிக்கான பூங்கா என்ற காலத்தின் கடைசிப் பெரும் எடுத்துக்காட்டு எனலாம். 135 அடிக் கோபுரத்தின் மேல் ஏறி ஊரைப் பார்க்கவே மக்கள் வந்தார்கள். பின்னர் வந்த தலைமுறைக்குச் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் வீட்டுச் சொற்களாயின. மருத்துவர் நடக்கச் சொன்னார். தெருவில் நடைமேடை இல்லை அல்லது அதில் கடை இருந்தது. நடப்பவர்கள் பூங்காவுக்கு வந்தார்கள். பூங்காவின் மதிலை ஒட்டி ஓரமாகச் சுற்றிவரும் பாதை இந்தத் தேவையிலிருந்து பிறந்தது. இன்று எழுநூறுக்கும் மேற்பட்ட பூங்காக்களைக் கொண்ட சென்னை மாநகராட்சியில் அரை ஏக்கர் பூங்காவுக்கும் இப்படியொரு சுற்று இருக்கிறது. கோயம்புத்தூர் ரேஸ் கோர்ஸ் பகுதியில் உள்ள ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் சுற்று, மாநிலத்தில் மிகுதியாக நடக்கப்படும் பாதைகளுள் ஒன்று.

சுற்றுப்பாதையின் வலிமையை ஆய்வுகளும் காட்டியுள்ளன. கனடாவின் வாட்டர்லூ நகரில் 33 பூங்காக்களை ஆராய்ந்து 2008இல் வெளியான ஆய்வு, பூங்காவின் பரப்பையும் வீட்டிலிருந்து அதன் தொலைவையும் விட உள்ளே என்ன வசதிகள் உள்ளன என்பதே உடலுழைப்பைக் கூட்டுகிறது என்றும், அவ்வசதிகளுள் பாதையே முதன்மையானது என்றும் கண்டது. அமெரிக்காவின் 25 நகரங்களில் 174 பூங்காக்களைக் கவனித்த ரேண்ட் நிறுவன ஆய்வாளர்கள், நடைச்சுற்று உள்ள பூங்காக்களில் அது இல்லாதவற்றைவிட 80 விழுக்காடு கூடுதலானோர் இருப்பதைக் கண்டார்கள். விளையாட்டுத் திடல் இளைஞரை அழைக்கிறது. சுற்றுப்பாதை பாட்டியையும் அழைக்கிறது. குழந்தையை ஊஞ்சலில் விட்டுவிட்டுத் தாய் அதைக் கண்ணில் வைத்தபடியே நடக்க முடிவது சுற்றுப்பாதையில்தான்.

சிறு பூங்காக்களில் ஒரு சிக்கல் உண்டு: சுற்று மிகச் சிறியதாகிவிடுகிறது. இதற்குத் தமிழ்நாடு கண்டெடுத்த வடிவம் எண் 8. பூங்காத் தரையில் 8 வடிவில் பாதை பதித்து, அதன்மேல் திரும்பத் திரும்ப நடக்கும் பழக்கம் அண்மைக் காலத்தில் ஊர்தோறும் பரவியிருக்கிறது. எல்லா நோயும் இதனால் தீரும் என்று பரவும் கூற்றுகளை ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தால், வடிவமைப்பாக இது சுவையானது. ஒரே பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கும் சலிப்பு இல்லை. கால்களும் இடுப்பும் இருபுறமும் திரும்புகின்றன. வீட்டு மொட்டைமாடி அளவு இடம் போதும். கூழாங்கல் பதித்த பாதையும் இப்படி வந்ததே. இதற்காவது ஓர் ஆய்வுத் துணை உண்டு: அமெரிக்காவின் ஓரிகனில் முதியோரை 16 வாரம் கூழாங்கல் வடிவப் பாயில் நடக்கவைத்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களின் சமநிலையும் இரத்த அழுத்தமும் மேம்பட்டன. பூங்காக்களில் பதிக்கப்படும் கற்கள் பல இடங்களில் கூராக இருப்பதால் ஒருமுறை ஏறியவர் மறுமுறை ஏறுவதில்லை.

தரை, நிழல், விளக்கு

இந்தியச் சாலைப் பேரவை 2012இல் வெளியிட்ட பாதசாரி வசதி நெறிமுறை, நடைமேடையின் தடையற்ற அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. சக்கர நாற்காலிகள் இரண்டு ஒன்றையொன்று கடக்கும் அகலம் அது. இந்த நெறிமுறை சாலைக்கானது என்றாலும் பூங்காவுக்கும் பொருந்தும். மூன்றடிப் பாதையில் இருவர் பேசிக்கொண்டு நடக்க முடியாது. பேச்சுத் துணை இல்லாத நடை தமிழ்நாட்டில் ஒரு வாரத்தைத் தாண்டுவது அரிது!

தரைப்பொருளின் வரலாறு மண், சிமெண்டு, மொசைக் ஓடு, பேவர் பிளாக் என்று போகிறது. வழவழப்பான ஓடு மழையில் வழுக்கும். முதியவர் ஒருவர் விழுந்த செய்தி பரவினால் அந்தப் பூங்காவில் அவர் வயதினர் குறைந்துவிடுவார்கள். பேவர் பிளாக் கற்களை எடுத்து மீண்டும் பதிக்கலாம், இடுக்கில் நீர் இறங்கும். ஆனால் மரவேர் தூக்கிய இடத்தில் விரலை இடறும். நன்கு திமிசு போட்ட செம்மண் பாதை மூட்டுக்கு இதமானது. அதற்கு ஆண்டுதோறும் பராமரிப்பு வேண்டும் என்பதால் ஒப்பந்தக்காரர்களும் அலுவலகங்களும் அதை விரும்புவதில்லை. வெறுங்காலோடு நடக்கும் கோயில் வெளிப் பிராகாரங்களில் தென்னை நார் விரிப்பும் வெள்ளைப் பூச்சும் இடுகிறார்கள். பூங்காவுக்கு அதைவிட நல்ல வழி மரம். வேம்பும் புங்கையும் கொடுக்கும் நிழலுக்குப் பதிலாக அலங்காரப் பனை வகைகளை வரிசையாக நடும் வழக்கம் அண்மைக்காலப் பூங்காக்களின் பெருங்குறை. தமிழ்நாட்டு வெயிலில் காலை எட்டு மணிக்குமேல் பாதையை உயிரோடு வைத்திருப்பது நிழல் ஒன்றே.

இருட்டியபின் நடக்க முடிவது விளக்கையும் பார்வையையும் பொறுத்தது. நகரங்களைப் பற்றி எழுதிய சேன் சேக்கப்சு 1961இல் வெளியிட்ட நூலில், தெருவைப் பாதுகாப்பது அதன்மேல் விழும் கண்களே என்றார். பூங்காவையும் அதைச் சூழ்ந்த வீடுகளும் கடைகளுமே வாழ வைக்கின்றன என்றார். ஆளுயர மதிலும் அடர்ந்த செடிவேலியும் சூழ்ந்த பூங்காவில் மாலை ஆறரைக்குப் பிறகு பெண்கள் தனியே நடப்பதில்லை. மதிலை இடுப்பளவு சுவரும் கம்பியுமாக மாற்றிய இடங்களில் அதே பாதை, அதே விளக்கு, ஆனால் நடப்பவர் கூடுகிறார்கள்.

பூங்காவரை போகும் வழி

பூங்காவுக்குள் எவ்வளவு நல்ல பாதை இருந்தாலும், அதை அடையச் சாலையைக் கடக்க வேண்டும். சென்னை மாநகராட்சி 2014இல் இயந்திரமில்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. இந்திய நகரங்களில் அது முன்னோடி. தியாகராய நகர் பாண்டி பஜாரில் பாதசாரி வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. பனகல் பூங்காவிலிருந்து வெளியே வருபவர் நடையை நிறுத்தாமல் தொடர முடிந்தது அதன்பிறகே. மதுரையில் சித்திரை வீதிகளில் வண்டிகள் நிறுத்தப்பட்டுக் கல் பாவப்பட்டதும் பழைய சுற்று மீண்டும் நடைக்கு வந்தது. கோயம்புத்தூரில் சீர்மிகு நகரத் திட்டத்தில் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் ஆகியவற்றின் கரைகள் நடைவழிகளாயின. கரையைக் கான்கிரீட்டால் மூடுவது பறவைக்கும் நீருக்கும் நல்லதா என்ற எதிர்ப்பும் எழுந்தது, நியாயமாகவே.

2023 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டு அரசின் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் தொடங்கியது. 38 மாவட்டங்களிலும் தலா 8 கிலோமீட்டர் நடைபாதை என்பது அதன் அடிப்படை. சப்பானில் கண்ட நடைவழியைப் பின்பற்றிய திட்டம் இது. எட்டுக் கிலோமீட்டர் ஏறத்தாழ 10,000 அடிகளுக்குச் சமம் என்பார்கள். அந்தப் பத்தாயிரம் என்ற எண்ணே மருத்துவத்திலிருந்து வந்ததன்று. 1960களில் சப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து பரவியது. நடக்கத் தொடங்குபவருக்கு எட்டுக் கிலோமீட்டர் மலைப்பு. உலக நலவாழ்வு நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு.

உடையார்பாளையம்

மேற்சொன்ன பெருந்திட்டங்கள் பலவும் மக்கள்தொகை மிகுந்த நகரங்களுக்கானவை. 2015இல் தொடங்கிய சீர்மிகு நகரத் திட்டத்தில் தமிழ்நாட்டின் 11 நகரங்கள் இடம்பெற்றன; அரியலூரும் பெரம்பலூரும் அவற்றில் இல்லை. திருச்சி–சிதம்பரம் தேசிய நெடுஞ்சாலையில் உள்ள உடையார்பாளையம் ஒரு பேரூராட்சி. பாளையக்காரர்களின் ஊராக இருந்து சமீனாக மாறிய இதன் ஆட்சியாளர்களுக்குக் ‘காலாட்கள் தோழ உடையார்’ என்று பட்டம். அவர்களின் ஊரில் இன்று காலால் நடப்பவருக்கு எளிதான காலம் இல்லை. அரியலூர் மாவட்டம் சுண்ணாம்புக்கல்லுக்கும் சிமெண்டு ஆலைகளுக்கும் பெயர்பெற்றது. அவற்றின் சுமையுந்துகள் ஓடும் சாலைகளின் ஓரத்தில் விடியற்காலையில் நடப்பது துணிச்சலான செயல். நெடுஞ்சாலையோரமாகப் போய்த் திரும்பும் நடைக்கு மாற்றாக ஊருக்குள் ஒரு சுற்று கிடைப்பது இங்கே அலங்காரம் அன்று, உயிர்ப்பாதுகாப்பு.

அந்தச் சுற்று எங்கிருந்து வரும்? தமிழ்நாட்டு விதிகளின்படி, 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் சாலைகள் நீங்கலான பரப்பில் பத்தில் ஒரு பங்கு பூங்கா போன்ற பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட வேண்டும். சாலைகள் நீங்கலாக 10,000 சதுர மீட்டர் உள்ள மனைப்பிரிவு ஒன்றை எடுத்துக்கொண்டால் பூங்காவுக்குக் கிடைப்பது 1,000 சதுர மீட்டர். அது சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 32 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. மதிலிலிருந்து இரண்டு மீட்டர் உள்ளே தள்ளிச் சுற்றுப்பாதை போட்டால் ஒரு சுற்று 110 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு ஒன்பது சுற்று. நடைமுறையில் ஒதுக்கப்படும் நிலம் சதுரமாகக்கூட இருப்பதில்லை. விற்காத மூலையோ, மின்கம்பி போகும் பட்டையோ பூங்காவாகிறது. சதுரத்தைவிட நீண்ட பட்டை நடைக்கு ஏற்றது என்பதால் இந்தக் கஞ்சத்தனம் சில இடங்களில் நன்மையாகவும் முடிகிறது.

இதற்கு மாறாக, உடையார்பாளையத்தின் பயறணீசுவரர் கோயிலும் அதன் பெரிய தீர்த்தக்குளமும், அவற்றைச் சூழ்ந்த வீதிகளும் ஏற்கெனவே சுற்றாகவே இருக்கின்றன. ஜெயங்கொண்டம் வழியாகக் கிழக்கே போனால் வரும் கங்கைகொண்ட சோழபுரத்தில், தொல்லியல் துறை வளர்க்கும் புல்வெளிகளுக்கு நடுவே கோயிலைச் சுற்றிச் செல்லும் பாதையில் யாரும் சொல்லாமலே மக்கள் ஒரு முழுச்சுற்று வருகிறார்கள். பலர் இரண்டாவது சுற்றும் போகிறார்கள். சிற்றூரில் பக்கத்துக்கு நூறு மீட்டர் உள்ள ஒரு குளம் இருந்தால் அதன் கரை ஒரு சுற்றுக்கு 400 மீட்டர் தரும். புதிய பூங்கா மூன்றைச் சேர்த்தாலும் கிடைக்காத நீளம் அது. கரையை மண்ணாகவே விட்டு, படித்துறைப் பக்கம் கைப்பிடியும், இருட்டு மூலையில் விளக்கும், மேற்குப் பக்கம் நிழல்மரமும் வைப்பதற்குப் பூங்கா ஒன்றைக் கட்டும் செலவில் சிறு பங்கு போதும்.

தேரோடும் ஊர்களில் இந்த வேலையின் பெரும்பகுதி ஆண்டுக்கு ஒருமுறை நடக்கவே செய்கிறது. திருவிழாவுக்கு முன் நான்கு வீதிகளிலும் பள்ளம் நிரப்பி, முன்னே நீண்ட தட்டிகளை எடுத்து, தாழ்ந்த கம்பிகளை உயர்த்தி, சாக்கடை மூடிகளைச் சரிசெய்து, விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறார்கள். பேரூராட்சி, மின்வாரியம், காவல்துறை மூன்றும் ஒன்றாக வந்து வீதியைச் சுற்றிப் பார்க்கும் நாளும் அதுதான். தேர் நிலைக்கு வந்த மறுநாள் தட்டிகள் மீண்டும் முன்னே வருகின்றன, இருசக்கர வண்டிகள் அவற்றின் முன்னே வந்து நிற்கின்றன.